எந்தச் சாவி யார் இடுப்பில்?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா?

முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும். பின்வாசலைப் பார்க்க வேண்டுமானால் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். அவ்வளவு நீளம்!

முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம். முற்றத்தைச் சுற்றி வழவழவென்ற தூண்கள். தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள்.

வீடு எல்லோருக்கும் பொது. அறை அப்படி அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை உண்டு. அவரும் அவர் மனைவியும் சேர்ந்தால் ஒரு "புள்ளி". அந்தப் புள்ளிக்குச் சொந்தமான பாத்திரம், பண்டம், சீர் சாமான் எல்லாம் அந்த அறைக்குள். கதவுக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி. சாவி மருமகளின் இடுப்பில்.

வீட்டுக்குப் பெரியவரான ஆச்சிகூட அந்த அறையை நினைத்த நேரத்தில் திறந்து பார்க்க மாட்டார். ஆனால் எந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு சாவி காணாமல் போனால் வீடே அல்லோலகல்லோலப்படும்.

இன்றைய ஆபீஸ்களும் இப்படிப்பட்ட வளவு வீடுகள்தான். ஆனால் "எந்தச் சாவி யார் இடுப்பில்?" என்று கேளுங்கள். பல ஆபீஸ்களில் மானேஜர் விழிப்பார்!

எழுத்து ஒன்று, அறை ஒன்று

ஓர் ஆபீசில் 20 கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே சொந்தமாக ஒரு பெட்டி உண்டு. அதற்கு "சி டிரைவ்" என்று பெயர்.

ஆபீசின் பொதுவான கணக்குகள் அங்கே இருப்பதில்லை. அவை எல்லாம் "சர்வர்" என்ற பெரிய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அது பின் அறையில் இருக்கலாம். மதுரையில் இருக்கலாம். சென்னையிலும் இருக்கலாம்.

சம்பளக் கணக்குக்கு ஓர் அறை. வாடிக்கைக்காரர் கணக்குக்கு ஓர் அறை. கடிதப் போக்குவரத்துக்கு ஓர் அறை. இப்படி சர்வருக்குள் பல அறைகள்.

மேஜையில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா ஒவ்வொரு முறையும் சர்வரின் முழு விலாசத்தையும் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. அதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. சம்பள அறைக்கு "எஸ்" என்ற எழுத்து. கடித அறைக்கு "இஸட்" என்ற எழுத்து. அந்த எழுத்தைத் தொட்டால் அறை திறக்கும். ஏதோ தன் மேஜைக்குள்ளேயே இருக்கும் பெட்டி போலத் தெரியும்.

இதற்குத்தான் "டிரைவ் மேப்பிங்" என்று பெயர். தமிழில் சொன்னால், தூரத்து அறையைப் பக்கத்து அறையாக்கும் வித்தை!

(ஏ, பி என்ற எழுத்துக்கள் என்ன ஆயின? பழைய பிளாப்பி தட்டுகளுக்காக அவற்றை ஒதுக்கி வைத்தார்கள். தட்டுகள் மறைந்து வெகு காலம் ஆகிவிட்டது. இருந்தும் எழுத்து வரிசை "சி"யில்தான் ஆரம்பமாகிறது. தாத்தா காலமான பிறகும் அவருடைய நாற்காலியில் யாரும் உட்காராத வீடு போல!)

வித்தை நல்ல வித்தைதான். வேலை சுலபமாகிறது. பிரச்சினை எங்கே வருகிறது?

கற்பனையாக ஒரு நிதி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செக்காலை ரோட்டில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பெண் குமாஸ்தா அங்கே சம்பளப் பிரிவில் இரண்டு வருஷம் வேலை பார்த்தார். பிறகு நகைக்கடன் பிரிவுக்கு மாற்றினார்கள். மேஜை மாறியது. நாற்காலி மாறியது. வருகைப் பதிவேட்டில் பெயரும் மாறியது.

அந்த "எஸ்" மட்டும் மாறவில்லை!

அவருக்கே அது நினைவில்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நாள்தோறும் காலையில் அவர் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது, சம்பள அறையின் கதவும் கூடவே திறந்துகொள்கிறது.

ஒரு நாள் "உங்கள் பார்சல் வந்திருக்கிறது" என்று ஒரு மின்னஞ்சல். அவர் அதை நம்பித் திறக்கிறார். அது பார்சல் அல்ல, திருட்டு நிரல். அந்த நிரலுக்கு அவர் கை எட்டும் இடமெல்லாம் எட்டும். நகைக்கடன் கணக்கு போகும். கூடவே சம்பளக் கணக்கும் போகும்!

கூடங்குளத்தில் நடந்தது

"இதெல்லாம் கற்பனைதானே?" என்று கேட்கலாம். கற்பனை இல்லாத கதையும் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

திருநெல்வேலி மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. 2019 அக்டோபரில் அதன் கம்ப்யூட்டரில் திருட்டு நிரல் புகுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30ந் தேதி, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது.

இணையத்தோடு சேர்ந்திருந்த நிர்வாக வேலைக் கம்ப்யூட்டர் ஒன்றில் அந்த நிரல் இருந்தது என்று கழகம் கூறியது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு செப்டம்பர் 4ந் தேதியே இதைத் தெரிவித்திருந்தது. அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனி. அவற்றுக்கு இந்த வழி கிடையாது. ஆகவே அவை பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் விளக்கியது.

அந்த நிரலுக்கு "டிடிராக்" என்று பெயர். அதன் மாதிரி ஒன்றை நிபுணர்கள் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா?

கூடங்குளத்தின் உள் நெட்வொர்க்குக்கு உரிய பயனர் பெயரும், கடவுச்சொல்லும், இன்னொரு கம்ப்யூட்டரின் வட்டை வலை வழியாகச் சேர்த்துக்கொள்ளும் கட்டளையும் தயாராக எழுதப்பட்டிருந்தன! திரட்டிய விவரங்களை அங்கே கொண்டுபோய் வைப்பதற்காக இந்த ஏற்பாடு.

அதாவது, ஆபீஸ் குமாஸ்தா காலையில் செய்யும் அதே காரியம். அதே கட்டளை. செய்தவர் மட்டும் வேறு.

உலகம் முழுவதையும் உலுக்கிய கதை ஒன்றும் உண்டு. 2017 மே 12ந் தேதி "வான்னாகிரை" என்ற நிரல் பரவியது. 150க்கு மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. கணக்குகளைப் பூட்டிவிட்டு "பணம் கொடு, சாவி தருகிறேன்" என்றது. கம்ப்யூட்டர்கள் பைல்களைப் பகிர்ந்துகொள்ளும் வழியில் இருந்த ஓர் ஓட்டையைப் பிடித்துத்தான் அது ஊர் ஊராகத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் மாதத்திலேயே கொடுத்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 2022 நவம்பர் 23ந் தேதி இதே போன்ற தாக்குதல். 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன. நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவது முதல் எல்லாம் பல நாட்கள் கையால் நடந்தன. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பகுதியாகத் தடுத்து வைக்காததே காரணம் என்று மத்திய அரசு பாராளுமன்றத்தில் சொன்னது. வளவு இருந்தது, அறைகளுக்கு நடுவே சுவர் சரியாக இல்லை. அதுதான் அதன் பொருள்.

போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை!

சரி, யார் கம்ப்யூட்டரில் எந்த எழுத்து எந்த அறைக்குப் போகிறது என்று பார்த்துவிட வேண்டியதுதானே?

ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பார்க்கலாம். 20 கம்ப்யூட்டர் என்றால் ஒரு பகலில் முடியும். தேவகோட்டையில் ஒரு கிளை, புதுக்கோட்டையில் ஒரு கிளை என்றால்? தூரத்தில் இருந்தபடியே பார்க்க வேண்டும். அதற்கு வழி உண்டு.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஆபீசின் கம்ப்யூட்டர் நிர்வாகி தன் இடத்தில் இருந்தபடியே தேவகோட்டைக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறார். "என்னென்ன சேர்க்கப்பட்டிருக்கிறது?" என்று கேட்கிறார். "ஒன்றும் இல்லை" என்று பதில் வருகிறது! ஆனால் அந்த மேஜையில் இருக்கும் குமாஸ்தாவின் திரையில் மூன்று எழுத்துக்கள் பளிச்சென்று தெரிகின்றன.

கம்ப்யூட்டர் பொய் சொல்கிறதா? இல்லை. கேட்டவருக்குத்தான் பதில் சொன்னது!

அந்த எழுத்துக்கள் கம்ப்யூட்டருக்குச் சொந்தம் அல்ல. அதில் உட்காரும் ஆளுக்குச் சொந்தம். சாவி சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கவில்லை. மருமகள் இடுப்பில் இருக்கிறது. நிர்வாகி தன் பெயரில் உள்ளே நுழைந்தார். ஆகவே கம்ப்யூட்டர் அவருடைய இடுப்பைத் தடவிப் பார்த்து "சாவி இல்லை" என்றது.

இது தெரியாமல், "எங்கள் ஆபீசில் எல்லாம் சுத்தம்" என்று அறிக்கை எழுதிவிட்டால் என்ன ஆகும்? பார்க்காமல் இருப்பதைவிட அது மோசம்.

சரியான வழி வேறு. விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் "ரெஜிஸ்டிரி" என்ற பதிவேடு இருக்கிறது. அதில் ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் "நெட்வொர்க்" என்ற தலைப்பின் கீழே எழுத்துக்களும், அவை போகும் இடங்களும் எழுதப்பட்டிருக்கும். நிர்வாகிக்கு உரிய அதிகாரம் இருந்தால், தூரத்திலிருந்தே அந்தப் பக்கத்தைப் புரட்டலாம். பயனர் உள்ளே வந்திருக்கும் நேரத்தில் இது சுலபம்.

அதிலும் ஒரு குறை. நிரந்தரமாகச் சேர்த்தவைதான் அந்தப் பக்கத்தில் ஏறும். இன்று மட்டும் என்று தற்காலிகமாகச் சேர்த்தது அங்கே இருக்காது. ஆகவே சர்வர் பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும். இந்த நிமிஷத்தில் எந்தப் பயனர், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எந்தப் பைலைத் திறந்து வைத்திருக்கிறார் என்று சர்வர் சொல்லும்.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் முன்னே சொன்னதெல்லாம் வீண்.

அந்தக் குமாஸ்தாவின் திரையிலிருந்து "எஸ்" என்ற எழுத்தை எடுத்துவிட்டால் போதுமா? போதாது! எழுத்து வெறும் பெயர்ப்பலகை. பலகையைக் கழற்றினால் கதவு பூட்டிக்கொள்ளுமா? விலாசம் தெரிந்தவர் நேரே போய்க் கதவைத் தள்ளலாம். அந்த அறைக்குள் போக அவருக்குக் கொடுத்த அனுமதியை சர்வரில் ரத்து செய்ய வேண்டும். அதுதான் பூட்டு. பலகையைக் கழற்றிவிட்டுப் பூட்டை மறந்துவிடும் ஆபீஸ்கள், ஐயோ பாவம், நிம்மதியாகத் தூங்குகின்றன!

ரங்கூன் கடையும் ஊர்க் கணக்கும்

தூரத்திலிருந்து கணக்குப் பார்ப்பது செட்டிநாட்டுக்குப் புதிதா?

ரங்கூனில் கடை. சைகோனில் கடை. கொழும்பில் கடை. பினாங்கில் கடை. முதலாளியோ காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும்! பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக, 1929-30ல் பர்மா மாகாண பாங்கு விசாரணைக் கமிட்டி கணக்கிட்டது.

கடல் தாண்டிய கடையை நடத்தியவர் மேலாள் என்ற ஏஜெண்டு. பெரும்பாலும் மூன்று வருஷக் கெடு. அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே, பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையன்.

கடையில் பேரேடு உண்டு. வரவு செலவைத் திரட்டி எழுதும் ஐந்தொகை உண்டு. கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். முதலாளி வீட்டு முகப்பில் சாய்ந்தபடி ரங்கூனைப் பார்த்தார்!

அந்த முறையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கணக்கைப் பார்ப்பார்கள் என்பது மேலாளுக்குத் தெரியும். எதைப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். வேலைக்குச் சேரும்போதே பேசி முடித்த விஷயம் அது. கடையின் ஏட்டைப் பார்த்தார்கள். மேலாள் தன் வீட்டுக்கு எழுதிய கடிதம் கடையின் ஏடு அல்ல.

இன்றைய ஆபீஸ்களில் இந்த இடம்தான் சறுக்குகிறது.

டிரைவ் பட்டியலைத் தூரத்திலிருந்து பார்க்க அதிகாரம் உள்ளவர், மனம் வைத்தால் இன்னும் பலவற்றைப் பார்க்கலாம். சிப்பந்தியின் பைல்களைத் திறக்கலாம். திரையையே பார்க்கலாம். ஒரு குமாஸ்தா தன் பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்திருப்பார். மனைவியின் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்திருப்பார். வைக்கக் கூடாதுதான். ஆனால் வைக்காதவர் எத்தனை பேர்?

"ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆபீசுக்குச் சொந்தம். நாங்கள் எதையும் பார்ப்போம்" என்று சில மானேஜர்கள் சொல்வது உண்டு. சொத்து அவர்களுடையது, உண்மை. அதில் வேலை செய்பவர் சொத்து அல்லவே! அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டில் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24ந் தேதி ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. "எங்கள் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது" என்று சிப்பந்திகள் சொன்னால் அதுவும் சரி இல்லை. சம்பள அறையில் இருப்பது ஆபீசின் ரகசியம் மட்டும் அல்ல. அங்கே வேலை பார்க்கும் அத்தனை பேருடைய பாங்கு எண்ணும், ஆதார் எண்ணும் அங்கே இருக்கின்றன. நகை அடகு வைத்த விவசாயியின் விலாசம் அடுத்த அறையில் இருக்கிறது. அவருக்கு சர்வரும் தெரியாது, டிரைவும் தெரியாது. ஆபீசை நம்பித்தான் காகிதத்தில் கைநாட்டு வைத்தார்.

ஆகவே பார்க்கத்தான் வேண்டும். சாவி யாரிடம் என்று பார்க்க வேண்டும். அறைக்குள் இருக்கும் பெட்டியைக் கிளறக் கூடாது. ஆச்சி செய்தது அதைத்தான்.

ஒளிந்து பார்ப்பதால் பாதுகாப்பும் வளராது. எப்படி என்று பாருங்கள். ஒரு நாள் யாரோ தன் டிரைவைப் பார்த்துவிட்டுப் போனது சிப்பந்திக்குத் தெரியவருகிறது. அவர் என்ன செய்வார்? பொது அறையில் வைக்க வேண்டிய பைலைத் தன் சட்டைப்பை பென் டிரைவில் வைத்துக்கொள்வார். அப்புறம் எந்த நிர்வாகி, எங்கே உட்கார்ந்து, எப்படிப் பார்த்தாலும் அது தெரியாது. பஸ்ஸில் தொலைந்தாலும் தெரியாது!

சொல்லிவிட்டுப் பார்த்தால் கதை வேறு. "இந்த மாதம் 5ந் தேதி எல்லோருடைய டிரைவ் பட்டியலும் பார்க்கப்படும். பைல்கள் திறக்கப்பட மாட்டா" என்று பலகையில் ஒரு நோட்டீஸ் போடட்டும். "ஐயா, என் திரையில் ஒரு பழைய எழுத்து இருக்கிறது, எடுத்துவிடுங்கள்" என்று நாலு பேராவது தாமாகவே வந்து சொல்வார்கள். நிர்வாகிக்குப் பாதி வேலை மிச்சம்.

மீதி வேலையையும் குறைக்கலாம். எந்தப் பிரிவுக்கு எந்த எழுத்து என்று ஒரே இடத்தில் தீர்மானித்து, எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அங்கிருந்தே அனுப்பும் வசதி விண்டோஸ் சர்வரில் இருக்கிறது. சிப்பந்தி பிரிவு மாறினால், பட்டியலில் அவர் பெயரை மாற்றினால் போதும். மறுமுறை அவர் உள்ளே வரும்போது பழைய எழுத்து போய்ப் புதிய எழுத்து வரும்படி செய்துவிடலாம். அறைக்குள் போகும் அனுமதியையும் அதே பிரிவுப் பட்டியலோடு கட்டிவிட்டால், பலகையும் பூட்டும் சேர்ந்தே மாறும். சின்ன ஆபீஸ்களில் இந்த வசதி இல்லையா? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயர், பிரிவு, எழுத்து, அறை, தேதி. இடமாற்ற உத்தரவில் மானேஜர் கையெழுத்துப் போடும் அன்றே அந்த நோட்டிலும் ஒரு வரி எழுத வேண்டும்.

வேலையை விட்டுப் போகிறவரிடம் மேஜைச் சாவியை மறக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். பீரோ சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். அடையாளச் சீட்டைக்கூட வாங்கிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் அனுமதி மட்டும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கிறது. பிரிவுபசார விழாவில் மாலை போட்டாகிவிட்டது. சாவி இன்னும் அவரிடமே!

கடைசியாக, அந்தப் பட்டியலில் பலர் மறந்துவிடும் ஒரு பெயர் இருக்கிறது.

எல்லோருடைய சாவியையும் பார்க்கும் நிர்வாகியிடம் எல்லா அறைகளுக்கும் பொதுவான ஒரு பெரிய சாவி இருக்கிறது. டிடிராக் மாதிரியில் எழுதப்பட்டிருந்ததும் சாதாரணக் குமாஸ்தாவின் பெயர் அல்ல, நிர்வாகியின் பயனர் பெயர். அந்தப் பெரிய சாவி எப்போது, எந்த அறையைத் திறந்தது என்று யார் பார்க்கிறார்கள்? பல ஆபீஸ்களில் யாரும் இல்லை. நோட்டீஸ் பலகையில் பட்டியல் ஒட்டும்போது முதல் வரியில் அவர் பெயர் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் மானேஜர் கையெழுத்துப் போடட்டும். மற்ற 20 பேரும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் மேஜைக்குப் போகட்டும்.